பஞ்சு இருந்தால்தான் டீ

"ஆவணி, புதன். ஆட்டோ அண்ணன். காலை வெறும் வயிற்றில் 236. அதே நாள் மதியம் 54. இரண்டும் நானே பார்த்தது. இது எப்படி?"

தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. முன்பக்கத்தில் சமநோக்கு நாள் என்று அச்சாகியிருக்கிறது. ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. அவரைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அந்த நேரத்தில்தான் என்று எங்கள் மருத்துவமனையின் சீட்டு கவுன்ட்டர் அக்கா பிறகு கண்டுபிடித்துச் சொன்னார். புதன்கிழமை மதியம் எது நடந்தாலும் அந்த நேரத்தில்தான் நடக்கும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

காலண்டரில் கிழித்த தாளைக் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை. பின்பக்கம் வெற்றாக இருக்கிறது. தேதி முன்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நாளின் வரலாற்றை எழுத இதைவிட வசதியான காகிதத்தை யாரும் செய்துவிட முடியாது. என் வீட்டார் இந்தத் தொகுப்புக்கு வைத்திருக்கும் பெயர் வேறு. பழைய பேப்பர்காரர் வரும் நாட்களில் நான் வீட்டில் இருப்பதை உறுதி செய்துகொள்கிறேன்.

வீடு விழுப்புரத்தில்; வேலை திண்டிவனத்தில். காலைப் பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புகிறேன். ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ஒப்பந்த வேலை, ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். எனக்குக் கீழே வேலை செய்பவை ஒரு மைக்ராஸ்கோப்பும், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஓர் இயந்திரமும்தான். இரண்டாவது நான் சொல்வதைக் கேட்பதில்லை.

புதன்கிழமை எங்களுக்குச் சர்க்கரை நோயாளிகளின் நாள். வல்லம், மயிலம், மரக்காணம் பக்கத்திலிருந்தெல்லாம் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்போம். பிறகு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்லி இன்னொரு முறை எடுப்போம். டாக்டர் இரண்டு எண்களையும் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். பெரும்பாலும் கூட்டுவார்.

ஆட்டோ அண்ணன் இந்தப் புதன்கிழமைகளில் ஒருவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அன்று காலை ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர், மதியம் ஸ்டாண்டில் நின்ற வண்டிக்குள்ளேயே வேர்த்துச் சரிந்துவிட்டார். சக டிரைவர்கள் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது, கை நடுங்கியது. டாக்டர் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்தவர் முதல் வேலையாக என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், காலையில எரநூத்தி முப்பத்தாறுன்னீங்க. இப்ப அம்பத்திநாலுன்றீங்க. மிஷினு ரிப்பேரா, நானு ரிப்பேரா?"

"காலையில என்ன சாப்டீங்கண்ணே?"

"வெறும் வயித்தோட வான்னு நீங்கதான சொன்னீங்க. ஒண்ணும் சாப்பிடல. ஸ்டாண்டுல ஒரு டீ, இங்க வந்து பாய் கடையில ஒரு டீ. அவ்ளோதான்."

"ரத்தம் கொடுக்கறதுக்கு முன்னாடியா?"

"பின்ன? கண்ணு தொறக்க வேணாமா?"

"டீ குடிச்சா அது வெறும் வயிறு இல்லண்ணே."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டீயெல்லாம் ஒரு சாப்பாடா மேடம்? அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போறேன். காலையிலேர்ந்து ராத்திரி ஊஞ்சல் பாக்கற வரைக்கும் வெரதம். பச்சத் தண்ணி பல்லுல படாது. டீ மட்டும்தான். அந்த அங்காளம்மனே ஒத்துக்கறா, ஒங்க மிஷினு ஒத்துக்காதா?"

தூக்கி வந்த இரண்டு டிரைவர்களும் அதில் நியாயம் இருப்பதாகத் தலையாட்டினார்கள்.

எனக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. சர்க்கரை தூக்கலான இரண்டு டீக்குப் பிறகு எடுத்த ரத்தம் என்ன காட்டும்? மாதாமாதம் அந்த எண்ணைப் பார்த்து, வெறும் வயிற்றிலேயே இவ்வளவா என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அன்று சவாரி மும்முரத்தில் அவர் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட, கூட்டிய மாத்திரை தன் வேலையைக் காட்டிவிட்டது.

இதில் அவருக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் அதிகம். விழுப்புரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ஆபரேஷனுக்குப் போய் இரண்டு முறை திரும்பியிருந்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்ததாக உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி வா, அப்புறம்தான் கத்தி வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் ஹைவே சவாரியை விட்டார். பிறகு இருட்டிய பின் ஓட்டுவதை விட்டார். தைக்குள் ஆபரேஷன் ஆகவில்லை என்றால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று வீட்டில் கெடு வைத்திருந்தார்கள். வைத்தவர் அவர் மனைவி. "அவ சொன்னா சொன்னதுதான் மேடம். வண்டிக்கு ஆளு கூட பாத்துட்டா," என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

எங்கள் டாக்டர் என்னைவிட வயதில் சிறியவர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். ஆட்டோ அண்ணனின் மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "இது இவர் ஒருத்தர் கதையா இருக்காதே," என்றார். எனக்கும் அதே பயம்தான்.

அடுத்த புதன்கிழமை லேப் ஜன்னலில் கேள்வியை மாற்றினேன். "சாப்டீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டேன். பலர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்கள். உபசரிக்கிறேன் என்று நினைத்து, "இப்பத்தான் ஆச்சும்மா, நீ குடி," என்றார் ஒருவர். அப்படியானால் நாளை வாருங்கள் என்று சொல்லத் தொடங்கியதும் கதை மாறியது. வல்லத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "நாளைக்கு வர்றேன். மொதோ பஸ்ஸ ஒங்க வூட்டு வாசல்ல நிறுத்தச் சொல்றியா?" என்று கேட்டார். வரிசை முழுக்க அவர் பக்கம்.

சத்தம் கேட்டு நிர்வாக அலுவலர் வந்துவிட்டார். கெட்டவர் இல்லை, ஒழுங்கானவர். "சுவத்துலயே எழுதி இருக்கே மேடம்," என்று காட்டினார். உண்மைதான். 'வெறும் வயிற்றுடன் வரவும்' என்று நீல பெயின்டில் பெரிதாக எழுதியிருந்தது. "பேஷண்டைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

யாரும் கொடுக்கவில்லை என்றேன். அதில் வாதாட எதுவும் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் மண்டகப்பட்டில் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதைக் கட்டினேன் என்று ஓர் அரசன் அங்கே கல்லில் எழுதி வைத்திருக்கிறான். பதவி, உத்தரவு, கையெழுத்து, முத்திரை எதுவும் இல்லாமல் ஒரு புதன்கிழமையை மாற்ற முடியுமா என்று யோசித்தபோது அந்தக் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது. பாறையைக் குடைய அவனிடம் எத்தனை ஆட்கள் இருந்தார்கள் என்பது மறுநாள் ரயிலில் உறைத்தது.

ரயிலில் எனக்கு எதிரே உட்கார்வது கவுன்ட்டர் அக்கா. அவரும் விழுப்புரம். மருத்துவமனையில் சீட்டு எழுதும் ஜன்னல் அவருடையது. அந்தச் சீட்டு இல்லாமல் நான் யார் கையிலும் ஊசி வைக்க முடியாது. அவர் நிரந்தர ஊழியர். ரயில் எங்களைச் சீக்கிரமே கொண்டு சேர்த்தாலும் எட்டு மணிக்கு முன் அந்த ஜன்னலைத் திறக்க வைக்க யாராலும் முடிந்ததில்லை. முதல் பஸ்ஸில் வந்தவர்கள் அதுவரை என்ன செய்வார்கள்? வாசலுக்கு எதிரே பாய் கடை. டீ.

அக்கா, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேகவைத்த வேர்க்கடலையை மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ எதுக்கு இத்தத் தலையில போட்டுக்கினு அலையற? ப்ரமோஷனா குடுக்கப் போறாங்க?"

"கான்ட்ராக்ட்ட ரினியூ பண்ணாப் போதும்க்கா."

"அப்ப வாய மூடிக்கினு மல்லாட்ட துன்னு."

தின்றேன். விக்கிரவாண்டி போயிற்று. முதல் பஸ் ஆட்கள் விடியற்காலையிலேயே வந்து காத்துக் கிடப்பதைப் பற்றி மெதுவாகச் சொன்னேன்.

"அப்ப தப்பு என் கவுன்ட்டர்லன்ற?"

"ஐயோ, இல்லக்கா."

"அப்டித்தான் சொல்ற. நல்லாக் கீதுடி ஒன் நாயம்."

பேரணி ஸ்டேஷன் போயிற்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பி வயல்களைப் பார்த்தேன். அக்கா தோல்களை வெளியே கொட்டினார், கையைத் தட்டிக்கொண்டார். மயிலம் நெருங்கும்போது அவராகவே பேசினார்.

"போன மாசம் வந்தவங்கதான இந்த மாசமும் வர்றாங்க? செவ்வாய்க்கெழம சாயங்காலமே அவங்களுக்குச் சீட்டு எழுதி வெச்சுட்டா இன்னா? காலையில வந்ததும் எடுத்துக்கினு நேரா உன்னாண்ட வந்துட்டுப் போறாங்க."

அதே யோசனை ஒரு வாரமாக என்னிடமும் இருந்தது. ஆனால் நான் வரலாற்றுப் புத்தகங்கள் படிப்பவள். அரசர்களுக்கு யோசனை சொல்லியும் நீண்ட காலம் உயிரோடிருந்த மந்திரிகள், அந்த யோசனை அரசருக்குத்தான் தோன்றியது என்று கடைசிவரை நம்பியவர்கள்.

"எனக்குத் தோணவே இல்லையேக்கா," என்றேன்.

"உனக்கு எங்க தோணும்? புக்கு படிக்கத்தான் தெரியும்," என்றார் அக்கா, பெரிதும் மகிழ்ந்து. திண்டிவனத்தில் இறங்குவதற்குள் அது அவருடைய திட்டமாகிவிட்டது. இன்றும் அவருடையதுதான். நான் அதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

சீட்டு சீக்கிரம் கிடைத்தது, காத்திருப்பு குறைந்தது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீ என்ற பழக்கம் குறையவில்லை. ஆகவே நான் சாலையைக் கடந்து பாய் கடைக்குப் போனேன்.

பாய்க்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். வளைகுடாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வந்து இந்தக் கடையைப் போட்டவர். என்னைப் பார்த்ததும் கிளாஸை எடுத்தார்.

"டீ வேணாம் பாய். புதன்கிழமை காலையில சுகர் பேஷண்டுங்களுக்கு டீ கொடுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன்."

"ஏன் தங்கச்சி, பாலு கெட்டுப் போச்சா?"

"பால் நல்லாத்தான் இருக்கு. ரத்தம் கொடுக்கறதுக்கு முன்னாடி குடிக்கக் கூடாது."

"புதன்கெழமய வெச்சுத்தான் எனக்கு மீதி வாரம் ஓடுது. அன்னிக்கிக் கடைய மூடுன்ற. பேஜாரு புடிச்ச யோசனயா இருக்குதே."

அவர்கள் வெறும் வயிற்றுடன் வரவேண்டியவர்கள், டீ குடித்தால் கணக்கில் சேராது என்று நினைத்துக் குடிக்கிறார்கள் என்று விளக்கினேன். ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது.

"வெறும் வயிறுன்னு சொல்லிக்கினு வந்து டீ குடிக்கிறாங்களா?"

"ஆமா."

"என் கடையிலயா?"

"உங்க கடையிலதான்."

கிளாஸை வைத்துவிட்டார். "ரம்ஜான் மாசம் பூரா நானு நோன்பு வெச்சுக்கினு இந்த ஜனங்களுக்கு டீ ஊத்தறேன். கொதிக்கிற பாலு வாசன மூக்குல ஏறும். ஒரு சொட்டுத் தண்ணி தொண்டையில எறங்காது. இவங்க ரெண்டு டீ, ஒரு பன்னு உள்ள தள்ளிட்டு வெறும் வயிறுன்றாங்களா? இது இன்னா நோன்பு?"

"பன் இல்ல பாய். டீ மட்டும்தான்."

"பன்னு யாரு துன்றாங்கன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. ஒனக்குத் தெரியாது."

கோபம் வந்தாலும் அவர் வியாபாரி. ரத்தம் கொடுத்ததும் அத்தனை பேரையும் சாப்பிட்டு வரச் சொல்லித்தான் அனுப்புகிறோம், இட்லி போடுங்கள் என்றேன். அது அவருக்குப் பிடித்தது. ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. "குடுத்தவன் யாரு, குடுக்காதவன் யாருன்னு எனக்கு எப்டித் தெரியும்? மூஞ்சியில ஒட்டி அனுப்புவியா?"

அப்போது மருத்துவமனை வாசலிலிருந்து ஒருவர் முழங்கையை மடித்தபடி சாலையைக் கடந்து வந்தார். மடிப்புக்குள் வெள்ளையாகப் பஞ்சு. பாய் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாதியில் நின்ற டீயை மறுபடி ஆற்றத் தொடங்கினார்.

அடுத்த புதன்கிழமை லேப் ஜன்னல் வரை அவர் குரல் கேட்டது. "பஞ்சு கீதா? ஒக்காரு. பஞ்சு இல்லியா? போ, ஜல்தியா போய்க் குத்திக்கினு வா, சூடா இட்லி வெச்சிருக்கேன்." நான் பேஷண்ட் இல்லைய்யா, பேஷண்டோட வீட்டுக்காரன் என்று ஒருவர் முறையிட்டார். "அப்ப அந்தாண்ட போயி நின்னு குடி. அந்தம்மா வாசனய மோந்துக்கினு ஒக்காந்துக்கீது, பாவமா இல்ல?" சுவர் எழுத்துக்கும் எனக்கும் கீழ்ப்படியாத வரிசை பாய்க்குக் கீழ்ப்படிந்தது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி நான் படித்திருந்த பல பக்கங்களை அன்று மறுபரிசீலனை செய்தேன்.

பாயின் நோன்புப் பேச்சு கவுன்ட்டர் அக்காவின் காதுக்கும் போய்விட்டது. சீட்டைக் கொடுக்கும்போது அவர் சொல்லத் தொடங்கினார்: "அடுத்த வாட்டி நோன்பு மாதிரி வாங்க. வெரதம் மாதிரி வராதீங்க." விளக்கமே தேவைப்படவில்லை. விரதத்தில் டீ உண்டு, பால் உண்டு, பழம் உண்டு; நோன்பில் எதுவும் கிடையாது. இந்த வித்தியாசம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இதில் எது வேண்டும் என்று மருத்துவமனையில் யாரும் இதுவரை அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவே.

அது கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது. மறுமுறை மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து நான்கைந்து பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து உட்கார்ந்தார்கள். கையைத் தட்டித் தட்டிப் பார்த்தும் நரம்பு அகப்படவில்லை. "நீங்கதான நோன்புன்னீங்க? எச்சி கூட முழுங்காம வந்துக்கிறோம்," என்றார் அவர்களில் மூத்தவர், பெருமையோடு. அன்றைக்கு அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, கடைசியாகத்தான் ரத்தம் எடுக்க முடிந்தது. அக்கா தன் வாக்கியத்தோடு 'தண்ணி மட்டும் குடிக்கலாம்' என்று சேர்த்துக்கொண்டார். பாய்க்கு இந்தத் திருத்தம் பிடிக்கவில்லை. தண்ணீர் குடித்தால் அது நோன்பே இல்லை என்றார். ஆனாலும் கடை வாசலில் ஒரு குடமும் டம்ளரும் வைத்தார்.

நிர்வாக அலுவலருக்கு இது தெரியவந்த விதம் எனக்குப் பிடித்தமானது. ஒரு புதன்கிழமை காலை அவர் பாய் கடையில் டீ கேட்டிருக்கிறார். கூட்ட மும்முரத்தில் பாய் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்து, "பஞ்சு எங்க சார்?" என்று கேட்டுவிட்டார். அவர் நேராக லேபுக்கு வந்தார்.

"இது யாரு போட்ட ஆர்டர்?"

"யாரும் போடல சார்."

"அப்புறம் எப்படி நடக்குது?"

அக்காவின் திட்டம், பாயின் ரோஷம், டாக்டரின் பொறுமை என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் பாதியில் போய்விட்டார். சில நாட்களில் சுவரில் புது பெயின்ட் வந்தது: 'டீ, காபி கூட அருந்தாமல் வரவும். தண்ணீர் அருந்தலாம்.' கீழே 'நிர்வாகம்' என்று இருந்தது.

டாக்டர் அந்த வாரங்களில் சிலருக்கு மாத்திரையைக் குறைத்தார். எல்லாருக்கும் எண் இறங்கியது என்று எழுதினால் பொய்யாகிவிடும். சிலருக்கு இறங்கியது, சிலருக்கு நிஜமாகவே சர்க்கரை அதிகம், அது அப்படியே நின்றது. எது எந்த வகை என்று இப்போது தெரிந்தது. அதுதான் எனக்கு வேண்டியதும்.

ஆனால் யாரிடமிருந்து எல்லாம் தொடங்கியதோ அவர் எண் மட்டும் அசையவில்லை. ஐப்பசி போயிற்று. ஆட்டோ அண்ணனுக்குக் காலையில் இருநூற்றுக்கு மேலேயே. டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சத்தியமா பாய் கடையில ஒரு சொட்டு குடிக்கல மேடம்," என்றார். அது உண்மை, அதற்குக் காரணமும் உண்டு. ரத்தம் கொடுக்கும் முன்பே ஒருநாள் முழங்கையில் பஞ்சோடு கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். பாய் அந்தப் பஞ்சைப் பிரித்துப் பார்த்து, "இது இன்னா, வெளக்குத் திரி போடற பஞ்சு மாதிரிக்கீது? ஸ்பிரிட்டு வாசன எங்க?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுத் துரத்திவிட்டார். வீட்டு சாமி அலமாரியிலிருந்து எடுத்து வந்ததாம். அதன்பின் பாய் கடையில் அவர் முயலவில்லை.

அப்படியானால் எங்கே? ஸ்டாண்டில். விடியற்காலையில் டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து குடிக்கும் முதல் டீ. அதை அவர் டீக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "அது பசங்களோட நிக்கறது மேடம். சும்மா நிக்க முடியுமா, கையில ஒரு கிளாஸ் இருக்கும்," என்றார்.

நான் இதைப் பாயிடம் புகாராகச் சொல்லவில்லை. இட்லி வாங்கப் போனபோது வருத்தமாகச் சொன்னேன், அவ்வளவுதான். பாய் உடனே போனை எடுத்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடை அவருடைய மச்சானுடையது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"மச்சான், அந்தக் கண்ணு தெரியாத ஆட்டோக்காரருக்குப் புதன்கெழம காலையில டீ ஊத்தாத. இன்னாது? அழுவாரா? அழுவட்டும். பக்கத்துக் கடைக்காரங்கிட்டயும் சொல்லி வை."

அந்தப் புதன்கிழமை லேப் ஜன்னலில் வந்து நின்ற ஆட்டோ அண்ணனை நான் மறக்க மாட்டேன்.

"திண்டிவனம் பூரா எனக்குத் தட போட்டுட்டீங்களே மேடம்! ஸ்டாண்டுல இல்லன்றான். மார்க்கெட்டாண்ட போனா, 'நீங்கதான அந்த ஆளு? சாரி'ன்றான். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டேன். பாலு தீந்துபோச்சாம்! என் கண்ணு முன்னால பொங்குது பாலு!"

"கண்ணுதான் சரியாத் தெரியாதே அண்ணே, பால் பொங்கறது எப்படித் தெரிஞ்சுது?" என்றார் என் பின்னால் நின்ற டாக்டர்.

ஆட்டோ அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டினார். அன்று அவருடைய எண் முதன்முறையாக இருநூற்றுக்குக் கீழே வெகுவாக இறங்கியிருந்தது. நான் அதே ரத்தத்தை இரண்டாவது முறை சோதித்துப் பார்த்தேன், அதே எண். டீ நின்றதாலா, மாத்திரையைச் சரியாகச் சாப்பிடத் தொடங்கியதாலா, காலையில் ஊரைச் சுற்றி நடந்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தொடர்ந்த புதன்கிழமைகளிலும் அந்தத் தடை நீடித்தது, எண்ணும் ஏறவில்லை. மார்கழியில் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை ஆட்டோ அண்ணன் சட்டைப் பையில் வைக்கவில்லை. மடித்து மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாளை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "வண்டிய வாங்க வந்தவன்கிட்ட இன்னா சொல்றது இப்ப?" என்று கணவரைக் கேட்டார். "கண்ணு தெரியப் போவுது, போடான்னு சொல்லு," என்றார் அவர்.

தை பிறப்பதற்கு முன் விழுப்புரத்தில் ஆபரேஷன் நடந்தது. அன்று காலை அங்கேயே மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் உள்ளே அனுப்பினார்களாம். பொங்கல் விடுமுறை முடிந்த சில நாட்களுக்கெல்லாம் கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டாண்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார். வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன காலம் முடிகிற வரை, மற்றவர்கள் ஓட்டும் விதத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாசியில் ஒரு காலை திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கிய என்னையும் கவுன்ட்டர் அக்காவையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் எதிரே வந்த பஸ்களின் போர்டுகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். "செஞ்சி. வந்தவாசி. மரக்காணம், வழி பிரம்மதேசம். அட, இத்தன சின்ன எழுத்துலயா எழுதறாங்க?"

"ரோட்டப் பாத்து ஓட்டுய்யா," என்றார் அக்கா. "நாங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே படிச்சவங்கதான்."

இறங்கும்போது, ஆபரேஷன் அன்று காலை எண் எவ்வளவு வந்தது என்று கேட்டேன். நூற்று முப்பத்திரண்டு என்றார். எழுதிக்கொண்டேன். அன்றே இட்லி வாங்கப் போனபோது பாய், "நூத்திப் பதினெட்டாமே தங்கச்சி, நம்ம ஆளுக்கு!" என்றார். மாலையில் ரயிலுக்குத் திரும்பும்போது ஸ்டாண்டில் கேட்டால் அங்கே அது நூற்றெட்டாகியிருந்தது.

ஆபரேஷன் நடந்தது, கண் தெரிகிறது, வண்டி விற்கப்படவில்லை. கறுப்புக் கண்ணாடியையும் பார்த்தேன், அந்த வண்டியில் உட்கார்ந்தும் வந்தேன். இவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று காலை விழுப்புரத்தில் அவர் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அந்த மருத்துவமனை கொடுத்த தாள் வீட்டில் பீரோவில் இருப்பதாகச் சொல்கிறார். பலமுறை கேட்டுவிட்டேன், இன்னும் கொண்டுவரவில்லை. ஆகவே மூன்று எண்களையும் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். எதையும் சரிபார்க்கவில்லை.